மார்கழிக் குளிரில் துள்ளும் குதிரை: வயிற்றுப்பட்டியிலிருந்து தொடங்குங்கள்

பத்து மாதம் பசு மாதிரி நடந்த குதிரை, டிசம்பர் பிறந்ததும் சேணத்தோடு முதுகை வில்லாக வளைத்துத் துள்ளுகிறதா? திமிர் என்று முடிவுகட்ட வேண்டாம். மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற ஊரில், மத்தியான 33 டிகிரி வெக்கையில் நீங்கள் பார்த்துப் பழகியது அதன் பாதி பலத்தைத்தான். வடகிழக்குப் பருவமழை ராத்திரி முழுக்கப் பெய்து, விடியலில் 22 டிகிரிக்கு இறங்கும்போது மீதிப் பாதி வெளியே வருகிறது. வியர்வை சரியாகச் சுரக்காத குதிரையானால் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். குளிர்ந்த காலையில் மட்டும் துள்ளி, இருபது நிமிட வேலைக்குப் பிறகு அடங்கினால் அது விறைப்பும் மிச்ச சக்தியும். வெயிலிலும் துள்ளுகிறது, சேணத்தைக் கட்டும் வயிற்றுப்பட்டியை இறுக்கும்போது கடிக்க வருகிறது, ஒரே பக்கம் திரும்பும்போது மட்டும் உதைக்கிறது என்றால் அது வலி: முதுகு, பல், வயிற்றுப்புண், பொருந்தாத சேணம், இதில் ஏதோ ஒன்று. கால்நடை மருத்துவர் பார்க்கும்வரை ஏறாதீர்கள். கீழே சொல்வது எதுவும் வலிக்கு மருந்தாகாது.

தீனியை முந்தின நாளே சரிசெய்ய வேண்டும். மழைக்காக மூன்று நாள் லாயத்தில் கட்டிப் போட்டுவிட்டு, வேலை செய்த நாள் போலவே பெல்லட்டையும் (குச்சித் தீவனம்) கொட்டினால், நாலாம் நாள் அது துள்ளாமல் என்ன செய்யும்? ஓய்வு நாளில் பெல்லட்டைப் பாதியாக்குங்கள். புல்லில் கை வைக்காதீர்கள். 450 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு உலர்ந்த கணக்கில் 7 முதல் 9 கிலோ புல் வேண்டும். நேப்பியர் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால் பச்சையாக 40 கிலோ அளவுக்கு வரும். ஓய்வு நாளில் முழுத் தீனி தின்ற குதிரைக்கு மறுநாள் வேலையில் தசை இறுகிப் போவதும் உண்டு. நடக்க மறுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் நின்ற இடத்திலேயே நிறுத்தி டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இனி சேணம். பெரும்பாலானவர்கள் கோட்டை விடும் இடம் இது.

குதிரையின் முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் காய்ந்த செம்மண்ணைக் கையால் தடவிப் பார்த்து எடுங்கள். பட்டிக்கு அடியில் ஒரு சின்னக் கட்டி இருந்தாலும் தோலை அறுக்கும். சேணத்தைக் கொஞ்சம் முன்னால் வைத்து, முடி படியும் திசையில் பின்னால் நகர்த்தி உட்காரவிடுங்கள். முன்வளைவுக்கும் தோள்மேட்டு எலும்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும்; ஆள் ஏறிய பிறகும் இடைவெளி இருக்க வேண்டும்.

பட்டியை ஒரே இழுப்பில் இறுக்காதீர்கள். குளிரில் விறைத்த முதுகு, நெஞ்சைச் சுற்றித் திடீரென்று பிடிப்பு விழுந்ததும் மேலே கூம்பிக்கொள்ளும். அந்தக் கூம்பலின் மேல்தான் நீங்கள் ஏறி உட்காருகிறீர்கள். முதலில் சேணம் நழுவாத அளவுக்கு மட்டும் மாட்டி, ஐந்து நிமிடம் கையில் பிடித்து நடத்துங்கள். அடுத்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு துளை. மறுபடி நடை. இன்னொரு துளை. முன்னங்கால்களை ஒவ்வொன்றாக முன்னால் இழுத்துவிட்டால் பட்டிக்குள் மடிந்த தோல் விடுபடும். கடைசித் துளை ஏறுவதற்குச் சற்று முன். தட்டையாக வைத்த விரல்கள் சிரமமில்லாமல் நுழைந்தால் போதும். ஒரு முனையில் மட்டும் எலாஸ்டிக் உள்ள பட்டியைத் தொடாதீர்கள். எவ்வளவு இறுகியது என்று கைக்குத் தெரியாது.

சேணத்தின் பின்பக்கம் முதுகோடு படியாமல் தூக்கி நிற்கிறதா, வால் இடுங்கியிருக்கிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். அது இறங்கும்வரை நடைதான்.

அடுத்து, நீளக் கயிற்றில் உங்களைச் சுற்றி 15 முதல் 20 மீட்டர் விட்டமுள்ள வட்டம், இரு பக்கமும் ஐந்தைந்து நிமிடம். களைக்கும்வரை ஓடவிடுவது தப்பு. தினமும் அப்படிச் செய்தால் குதிரைக்குத் தெம்புதான் கூடும். கயிற்றில் துள்ளினால் துள்ளட்டும், திட்டாமல் முன்னால் அனுப்புங்கள். தலையைத் தாழ்த்தி, மூக்கைச் சீறிக்கொண்டதும் நிறுத்தலாம்.

தலைக்கவசம், குதிகால் வைத்த பூட்ஸ், குதிரையின் கழுத்தில் ஒரு பழைய அங்கவடி வார். இந்தக் கழுத்து வார்தான் துள்ளும்போது பிடித்துக்கொள்ள உங்கள் கைப்பிடி. வலுவான கடிவாளம் வாங்கும் காசை இதற்குப் பிறகு யோசியுங்கள், தேவையே இருக்காது. தரையிலிருந்து தொங்கி ஏறாமல் பெட்டி மேல் நின்று ஏறி, மெல்ல உட்காருங்கள். முதல் கால் மணி நேரம் நடை மட்டும், அதுவும் வளைவும் எட்டு வடிவமுமாக. செம்பனைக்கு நடுவே நேராகப் போகும் லோரிப் பாதைக்கு டிராட் (மெல்லோட்டம்) முடிந்த பிறகு போகலாம். பெரட்டு (தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து மோட்டார் சைக்கிள்கள் கிளம்பும் நேரத்தையும், கோயில் ஒலிபெருக்கி போடும் நேரத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

துள்ளல் சொல்லாமல் வராது. நடை குட்டையாகும், காது அசையாமல் நிற்கும், உங்கள் அடியில் முதுகு பந்து போல உருளும், பிறகுதான் தலை கீழே போகும். தலை இறங்குவதற்குள் லகான் பிடித்த ஒரு கையை மட்டும் மேலே தூக்கி அந்தப் பக்கம் கழுத்தை மடக்கி, காலால் அழுத்தி முன்னால் நடத்துங்கள். உங்களுடையது பந்தயத்தில் ஓடிய குதிரையானால், இரண்டு லகானையும் சேர்த்து இழுத்தால் அதன்மேல் சாய்ந்து வேகம் பிடிக்கும். அதற்குப் பழக்கியதே அப்படித்தான். தலை ஏற்கெனவே போய்விட்டால் உடம்பைப் பின்னால் சாய்த்து, குதிகாலைத் தாழ்த்தி, ஒரு கையால் வாரைப் பிடியுங்கள். அடங்கியதும் உடனே இறங்காதீர்கள். இரண்டு வட்டம் அமைதியாக நடத்தி, அதன்பின் இறங்குங்கள்.

வேலை முடிந்ததும் பட்டியை ஒரு துளை தளர்த்திப் பத்து நிமிடம் நடத்தி, சேணத்துணியை அன்றைக்கே அலசி, தகரக் கூரைக்கடியில் காற்றாடத் தொங்கவிடுங்கள். பருவமழையில் காய இரண்டு நாள் ஆகும். கையில் மூன்று துணி இருக்கட்டும். வியர்வை உப்பு இறுகிய ஈரத்துணியை மறுநாள் குளிர்ந்த முதுகில் போட்டால், பட்டியில் பார்த்த பொறுமை எல்லாம் வீண்.