மேலிருந்து நோக்கும் கேமரா: இலை, கோலம், காவடி

நேர்மேலிருந்து எடுக்கும் காட்சியில் முகமும் தெரியாது, உயரமும் தெரியாது. எது எதற்கு அருகில் இருக்கிறது என்பது மட்டுமே எஞ்சும். ஆகவே, இடமும் வரிசையும் பேசவேண்டிய கட்டங்களுக்கே இக்கோணத்தை வைத்துக்கொள்ள வேண்டும். மொரீசியஸில் திருமணங்களையும் கோவில் விழாக்களையும் படம்பிடிக்கும் பலர் டிரோனை உயரே ஏற்றினால் போதும் என்று எண்ணுகின்றனர். வாழையிலைக்குச் சற்று மேலே கேமராவை நிறுத்திப் பெறும் காட்சிகள் பெரும்பாலும் அதைவிடச் சுவையானவை.

ஏழு கறி விருந்தை எடுத்துக்கொள்வோம். வெறும் வாழையிலையில் தொடங்கி, சோறும் கறிகளும் ரசமும் ஒவ்வொன்றாக வந்து சேர்வதையும், இறுதியில் இலை மடிக்கப்படுவதையும் அசையாத கேமரா பதிவுசெய்தால், கைகளே கதையைச் சொல்லிவிடும். இதற்குக் கைப்பேசி போதும். குறுக்குக் கம்பியுள்ள ஸ்டாண்டில் அதை இறுகப் பொருத்தி, கம்பியின் மறுமுனையில் மணற்பையைத் தொங்கவிடுக. அகலக்கோண லென்ஸைத் தாழ்வாக வைத்தால் ஓரத்துக் கிண்ணங்கள் வெளிப்புறம் சரிந்ததுபோல் தெரியும் என்பதால், கேமராவை உயர்த்தி இருமடங்கு ஜூம் செய்வது நல்லது. தரையை நோக்கும் கைப்பேசி எது மேல்பக்கம் என்று குழம்பிப் படத்தைத் திருப்பிவிடலாம். முதலில் ஒரு சிறு காட்சியை எடுத்துச் சரிபார்க்க வேண்டும். கைகள் குறுக்கே வரும்போது ஒளியும் குவியமும் மாறாதபடி இரண்டையும் பூட்டிவிடுக. கூரை விளக்கு கேமராவின் நிழலையே இலைமேல் வீழ்த்தும். சன்னலோர ஒளி பக்கவாட்டில் விழுந்தால்தான் கறியின் மேடுபள்ளம் தெரியும். விளக்கொளியைத் தவிர்க்க இயலாதெனில், இங்குள்ள மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால், ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி என வைத்தால் படம் மினுக்காது.

கோலத்துக்கு, இடைவெளிவிட்டு எடுத்த படங்களை வேகமாக ஓட்டிக்காட்டும் டைம்லாப்ஸ் பொருந்தும். 20 நிமிடக் கோலத்தை 2 நொடிக்கு ஒரு படமாக எடுத்தால் 600 படங்கள் சேரும். நொடிக்கு 25 வீதம் ஓட்டினால் 24 நொடிக் காட்சி கிடைக்கும். புள்ளிகள் மட்டும் தெரியும் கட்டத்தைச் சற்று நீட்டித்துக் காட்டினால், என்ன உருவாகப்போகிறது என்ற ஆவல் பிறக்கும்.

காவடிதான் கடினமானது. தீவு ஏறத்தாழ தெற்கு அட்சரேகை 20 பாகையில் இருப்பதால், தைப்பூசம் வரும் நாட்களில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும்; நிழல்கள் காலடியில் சுருங்கி, மேலிருந்து பார்க்கையில் ஊர்வலம் தட்டையாகிவிடும். நிழல் நீண்டு விழும் காலை வேளையிலேயே மேற்காட்சிகளை முடித்துவிடுவது உத்தமம். மேலும், காவடியின் வளைவும் மயிற்பீலியும் சுமப்பவரை முற்றிலும் மறைத்துவிடுமாதலால், அவர் முகத்தை முதலில் நேராகக் காட்டிவிட்டுப் பின்னரே மேலே செல்ல வேண்டும். கூட்டத்தின் தலைக்கு மேல் டிரோன் பறப்பது ஆபத்து, வழிபாட்டுக்கும் இடையூறு. கோவிலாரின் சம்மதமும் விமானப் போக்குவரத்துத் துறையின் விதிகளும் வேறு உண்டு. வழியோர வீட்டு மாடி போதும். குவாத்ர் போர்ன் நகரின் கோர் தெ கார்த் மலைச்சரிவிலுள்ள முருகன் கோவிலில், கோணம் நேர்மேலிருந்து அமையாவிடினும், படிகளே உயரம் தந்துவிடுகின்றன.

படத்தொகுப்பில், வட்டமான பூசைத் தட்டிலிருந்து வட்டக் கோலத்துக்குத் தாவ விரும்பினால், இரண்டும் சட்டகத்தில் ஒரே அளவிலும் ஒரே இடத்திலும் அமைய வேண்டும். அதற்காக, முதற்காட்சியின் ஸ்கிரீன்ஷாட்டைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டாவதை எடுக்கவும்.