கியோட்டோவில் போனில் படம் எடுப்பது எப்படி: கோயில், கல் தோட்டம், சகுரா, அந்தி

ஜப்பானின் கோயில் நகரமான கியோட்டோவுக்குப் போகிறேன் என்று சொல்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தக் கேமரா வாங்கட்டும்?" என்பதுதான். கையில் இருக்கும் போனே போதும். எந்த இடத்தில் எத்தனை மணிக்குப் போய் நிற்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். அதனால் இந்தச் செய்முறையை வெளிச்சத்தின் போக்கிலேயே சொல்கிறேன்.

படி 1: வீட்டிலேயே பழகுங்கள்

கேமரா செயலியைத் திறந்து, திரையில் ஒரு பொருளைத் தொட்டு அழுத்திப் பிடியுங்கள். ஃபோகஸ் அங்கேயே நின்றுவிடும். பெரும்பாலான போன்களில் பக்கத்தில் ஒரு சின்னச் சூரியன் தோன்றும். விரலை மேலே இழுத்தால் படம் வெளுக்கும், கீழே இழுத்தால் இருளும். போன் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். எனவே வெள்ளைப் பொருளுக்குக் கொஞ்சம் கூட்ட வேண்டும், கறுப்புக்குக் கொஞ்சம் குறைக்க வேண்டும். இது கைக்குப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 2: விடியலில் ஃபுஷிமி இனாரி

கியோட்டோ நிலையத்திலிருந்து ஜே.ஆர். ரயிலின் நாரா பாதையில் இரண்டாவது நிறுத்தம். ஜப்பானின் மரபுச் சமயமான ஷின்டோவின் இந்தக் கோயில் 24 மணி நேரமும் திறந்திருக்கும், கட்டணம் கிடையாது. நான் முதல்முறை காலை பத்து மணிக்குப் போனேன். படம் முழுக்க மனிதத் தலைகள். மறுநாள் விடிந்ததும் போனபோது செந்நிறத் தோரி வாசல்கள் வரிசையாக எனக்காகவே நின்றதுபோல் இருந்தன.

மலைப்பாதையில் ஏறும்போது வாசல்களின் தூண்களில் எழுத்து எதுவும் தெரியாது. நின்று திரும்பிப் பாருங்கள்: காணிக்கை கொடுத்தவர்களின் பெயரும் தேதியும் கறுப்பு எழுத்தில் வரிசையாக இறங்கிவரும். படத்தை அந்தப் பக்கம் பார்த்தே எடுங்கள். போனை இடுப்பு உயரத்துக்கு இறக்கி, பாதை வளையும் இடத்தில் நில்லுங்கள். வாசல்களின் முடிவு தெரியாத படத்தில்தான் ஆழம் கூடும். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தால் சிவப்பு வெளிறாமல் நிற்கும்.

படி 3: ரியோஆன்ஜியின் கல் தோட்டம்

இந்த ஜென் பௌத்தக் கோயிலை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் முதல் நவம்பர் வரை காலை 8 மணிக்குத் திறக்கிறார்கள். வெண்சரளைப் பரப்பில் மொத்தம் 15 கற்கள். திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றாவது மறைந்துகொள்ளும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடைக்கப் பார்க்காதீர்கள். ஒரு கல், அதன் அடியில் படர்ந்த பாசி, சுற்றிலும் வட்டமாகக் கோதிய சரளைக் கோடுகள், பின்னால் கறை படிந்த மண் சுவர். இது போதும். காலைச் சாய்வெயிலில் கோடுகளின் நிழல் எழும்பித் தெரியும். சரளை வெள்ளை என்பதால் இங்கே வெளிச்சத்தைக் கூட்டுங்கள். பிறகு போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள்.

சன்ஜூசன்கென்தோ என்ற பௌத்தக் கோயில் போன்ற இடங்களில் மண்டபத்துக்குள் படம் எடுக்கவே கூடாது. குறுக்கே கோடு போட்ட கேமரா சின்னம் கண்ணில் பட்டால், போனைப் பையில் போட்டுவிடுங்கள்.

படி 4: சகுரா

சகுரா என்றால் செர்ரிப் பூ. பூக்கும் காலம் பெரும்பாலும் மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம். எங்கும் காணும் சொமேய் யொஷினோ வகை, நினைப்பதுபோல் இளஞ்சிவப்பு அல்ல, கிட்டத்தட்ட வெள்ளை. பளிச்சென்ற வானத்தின் முன் வைத்தால் பூ கறுத்துப்போகும். வெளிச்சத்தை நன்றாகக் கூட்டுங்கள், அல்லது இருண்ட மரத்தண்டு பின்னால் வருமாறு நகர்ந்து நில்லுங்கள். அப்புறம், முழு மரத்தை விட்டுவிட்டு ஒரு கொத்தின் அருகே போங்கள். உதிரும் நாள் நெருங்கிய பூவின் நடுப்பகுதி சிவந்திருக்கும். கிளையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

உதிர்ந்த பிறகும் வேலை இருக்கிறது. தத்துவப் பாதை என்ற நடைபாதையின் ஓரமாக ஓடும் வாய்க்காலில் இதழ்கள் திட்டுத்திட்டாக மிதக்கும். ஜப்பானியர்கள் அதை ஹனா-இகாதா என்பார்கள். நம் மொழியில் பூத்தெப்பம். எனக்கு மரத்தில் இருக்கும் பூவைவிட இதுதான் பிடிக்கும்.

படி 5: கியோமிசுதேராவில் அந்தி

இந்தப் பௌத்தக் கோயிலின் பிரதான மண்டபம் 1633இல் மீண்டும் எழுப்பியது. அதன் மரமேடை 13 மீட்டர் உயரம். மேடையிலேயே நின்றால் மேடை படத்தில் வராது. அதைத் தாண்டி ஒகுனோஇன் மண்டபத்தின் முன்னால் போங்கள். அங்கிருந்து மேடையும் கூரையும், பின்னால் நகரமும் மேற்கு வானமும் ஒன்றாகக் கிடைக்கும்.

சூரியன் நவம்பர் கடைசியில் 4.45 வாக்கில் மறையும், ஏப்ரல் தொடக்கத்தில் 6.20 வாக்கில். வழக்கமாக 6 மணிக்கு மூடிவிடுவார்கள்; சகுரா, செவ்விலைக் காலங்களில் சில நாட்கள் இரவிலும் திறந்திருக்கும். தேதியை முன்பே பார்த்துக்கொண்டு, ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் இடம் பிடியுங்கள்.

சூரியனுக்குப் பக்கத்து வானத்தைத் தொட்டு, விரலைக் கீழே இழுங்கள். கூரை வளைவு கரிய வடிவமாகிவிடும், வானம் நிறம் பிடிக்கும். பல கோயில்களில் கேமரா முக்காலிக்கு (டிரைபாட்) அனுமதி இல்லை. முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்து, மூச்சை விட்டபடி எடுங்கள். சூரியன் மறைந்ததும் கூட்டம் கலையும். நீங்கள் கிளம்பாதீர்கள். இன்னும் 15, 20 நிமிடத்தில் வானம் நீலமாகி, கீழே ஊரின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறும்.