நின்ற இடத்திலேயே மறுபடி நின்று: மலைச்சரிவின் மாற்றத்தைப் படத்தில் பதிவது எப்படி

கங்கோத்ரி பனியாறு எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்று இன்று அளக்க முடிவதற்கு, 1935இல் நிலவியலாளர் ஜே. பி. ஆடன் அதன் முனையான கோமுகத்தை வரைபடமாக்கி வைத்தது பெரிய உதவி. அமெரிக்காவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் 1997 முதல், பழைய படங்களை எடுத்தவர்கள் நின்ற இடங்களைத் தேடிப்போய் அங்கிருந்தே திரும்பப் படமெடுக்கிறார்கள். நீலகிரியிலும் பழனி மலையிலும் பனியாறு இல்லை. ஆனால் இதே முறை நம் புல்வெளிகளுக்கும், சோலை எனப்படும் மலைப் பள்ளத்துக் காடுகளுக்கும் அப்படியே பொருந்தும். 1973க்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளில் பழனி மலைப் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டிவிட்டன. ஆனால் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது 30 மீட்டர். முழங்கால் உயரச் சீகைக் கன்று (வாட்டில் எனப்படும் அயல்நாட்டு மரம்) அதில் தெரியாது. தெரியும்போது அது கையால் பிடுங்க முடியாத மரமாகியிருக்கும். அந்த இடைவெளியை நிரப்ப ஒரு கைபேசியும் ஒரு குச்சியும் போதும்.

எங்கே நிற்பது

பார்க்க வேண்டிய சரிவுக்கு நேர் எதிரே, 300 மீட்டரிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் நில்லுங்கள். உச்சியிலிருந்து கீழே பார்த்தால் சரிவு சுருங்கித் தெரியும். எதிர்மேட்டிலிருந்து பார்த்தால்தான் விரிந்து தெரியும். மலைவிளிம்பும் அதற்கு மேல் கொஞ்சம் வானமும் படத்துக்குள் இருக்கட்டும். அடையாளத்துக்குப் பாறையையும் மலைமுகட்டின் வெட்டு வடிவத்தையும் மட்டும் நம்புங்கள். மரம் வளரும், விழும், கட்டடம் மறையும். காப்புக்காட்டுக்குள் போக மாவட்ட வன அலுவலரின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் ட்ரோனை எடுத்துப் போகாதீர்கள். சாலையோரத்திலும் சொந்த நிலத்திலும் நல்ல இடங்கள் நிறையவே கிடைக்கும்.

வீட்டுச் சுவரில் தொங்கும் பழைய படமோ, 1860களின் இறுதியில் ஆங்கிலேய ஒளிப்படக்காரர் சாமுவேல் போர்ன் ஊட்டியில் எடுத்ததைப் போன்ற படமோ கையில் இருந்தால், எடுத்தவர் நின்ற இடத்தைக் கண்டுபிடிக்கலாம். படத்தில் அருகிலுள்ள ஒரு பாறையையும் அதற்குப் பின்னால் தொலைவில் உள்ள ஒரு முகட்டையும் தேர்ந்துகொள்ளுங்கள். இப்போது பார்க்கும்போது அந்தப் பாறை, முகட்டோடு ஒப்பிட்டால் பழைய படத்தில் இருந்த இடத்தைவிட வலப்பக்கம் தள்ளித் தெரிந்தால் நீங்களும் வலப்பக்கம் நகருங்கள். இடப்பக்கம் தெரிந்தால் இடப்பக்கம். அருகிலுள்ள மேடு தூரத்து மலையைப் பழைய படத்தில் உள்ளதைவிட அதிகம் மறைத்தால் நீங்கள் தாழ்வாக நிற்கிறீர்கள், மேலே ஏறுங்கள். படத்தின் இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று என இரண்டு இணைகள் சேர்ந்து பொருந்தும்வரை விடாதீர்கள். ஓர் இணை மட்டும் பொருந்தினால் முன்பின்னாகப் பல மீட்டர் தவறியிருக்கலாம்.

கைபேசியின் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே 5 மீட்டர் வரை பிசகும், மர நிழலில் இன்னும் மோசம். அதனால் எண்களோடு, இணைப் பாறைகளைக் காட்டும் கைப்படம் ஒன்றும் நோட்டில் இருக்க வேண்டும். மரக்குச்சியை நட்டு அடையாளம் வைத்தால் உளுத்துப்போகும், அல்லது காட்டுமாடு சாய்த்துவிடும்.

எடுப்பது

கேமரா தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில், எப்போதும் ஒரே கைபேசியின் முதன்மை லென்ஸில், ஜூம் இல்லாமல். அகலக்கோண லென்ஸ் ஓரங்களை வளைத்துவிடும். அதில் எடுத்த படம் ஒப்பிட உதவாது. 20 செ.மீ.க்கு ஒரு சிவப்பு, வெள்ளைப் பட்டை அடித்த 2 மீட்டர் குச்சியைக் கேமராவிலிருந்து 10 மீட்டரில் நட்டு ஒரு படம், குச்சி இல்லாமல் ஒரு படம். கேமரா பார்க்கும் திசையின் பாகையைத் திசைமானியில் பார்க்கும்போது இரும்புக் குச்சியும் கைபேசியும் தள்ளி இருக்கட்டும்.

பருவம்தான் பலர் தவறவிடும் விஷயம். பனியாற்றை உருகுகாலத்தின் முடிவில்தான் படமெடுப்பார்கள். இல்லையென்றால் அந்த வருடத்துப் புதுப்பனியும் பனியாறு போலவே தெரியும். நமக்கு ஏற்ற மாதம் ஜனவரி. உறைபனியில் புல் காய்ந்து வெளிறியிருக்கும். சீகையும் பைனும் கரும்பச்சையாகத் தனித்து நிற்கும். ஜூன் மாதப் பச்சையில் எல்லாம் ஒன்றாகிவிடும், மார்ச்சில் தீயின் கருப்பு குழப்பும். கிழக்கு பார்த்த சரிவுக்குக் காலை 8 முதல் 10 மணி. ஒவ்வோர் ஆண்டும் தேதி பத்து நாளுக்குள்ளும் நேரம் அரை மணிக்குள்ளும் பொருந்தினால் நிழல் ஏமாற்றாது. 2018 நவம்பர் கஜா புயலைப் போலவோ, 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழையைப் போலவோ ஏதாவது நடந்தால் ஜனவரிக்குக் காத்திருக்காதீர்கள். பாதை பாதுகாப்பான உடனே போய்க் கூடுதலாக ஒரு படம் எடுத்துவையுங்கள்.

படிப்பது

இரு படங்களையும் முகடுகள் பொருந்தும்படி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பத்துக்குப் பத்து கட்டம் போடுங்கள். நூறு கட்டத்தில் புல் எத்தனை, சோலை எத்தனை, சீகை, பைன், கற்பூர மரம் (யூகலிப்டஸ்) எத்தனை, தோட்டம், வெறும் மண் எத்தனை என்று எண்ணுங்கள். இது படத்தின் பங்கு. நிலத்தின் ஏக்கர் கணக்கு அல்ல, ஏனென்றால் பக்கத்துச் சரிவு எப்போதும் பெரிதாகத் தெரியும். சோலையின் மேற்பரப்பு குமிழ் குமிழாகப் பல நிறத்தில் இருக்கும், துளிர் சிவக்கும். சீகை ஒரே நிறத்தில் இறகு போலப் படர்ந்திருக்கும். இரண்டையும் குழப்பி, சோலை பெருகியது என்று எழுதிவிடாதீர்கள்.

அதேபோல், புல் குறைந்ததெல்லாம் பருவநிலை மாற்றத்தால் என்றும் எழுத வேண்டாம். நட்ட சீகையும் பைனும் புல்லிடமிருந்து பறித்துக்கொண்ட இடமே மிக அதிகம். வெப்பத்தின் பங்கைப் பிரித்துப் பார்க்க, படத்தோடு உறைபனிக் கணக்கும் வேண்டும். பள்ளத்துப் புல்லில் மரக்கன்று பிழைக்காமல் பார்த்துக்கொள்வதில் உறைபனிக்குப் பங்குண்டு. இரவின் மிகக் குறைந்த வெப்பத்தைக் காட்டும் சிறும வெப்பமானியைத் தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் படுக்கையாக வைத்து டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தினமும் காலையில் குறியுங்கள். ஆளுயரத்தில் 3 டிகிரி காட்டும் இரவிலும் புல்மட்டத்தில் உறைந்திருக்கலாம். செய்தியில் வரும் அளவை வைத்து உறைபனி நாட்களை எண்ணினால் குறைத்து எண்ணிவிடுவீர்கள்.

படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி நுணுக்கம் போய்விடும், கோப்பாக அனுப்புங்கள். கோப்பின் பெயரில் இடம், பாகை, ஆண்டு, மாதம், நாள் இருக்கட்டும். நோட்டின் நகல் ஒன்றை உள்ளூர்ப் பள்ளியிலோ நூலகத்திலோ கொடுத்துவையுங்கள். இருபது ஆண்டு கழித்து அதே இடத்தில் நிற்கப்போவது வேறொருவராக இருக்கலாம்.