பரணில் கிடக்கும் ஏருக்கும் பழைய படங்களுக்கும் பதிவேடு போடுவது எப்படி?

தாத்தா காலத்து ஏர், நுகத்தடி, நெல் அளக்கும் மரக்கால், கூடவே ஒரு டப்பா நிறைய கறுப்பு வெள்ளைப் படங்கள் வீட்டில் இருந்தால், அருங்காட்சியகப் பாணியில் ஒரு பதிவேடு போட்டுவிடலாம். நீளக் கணக்கு நோட்டு, 2பி பென்சில், பருத்தி நாடா, அளவு டேப், செல்போன் போதும். எக்செல் அப்புறம், முதலில் நோட்டுதான்.

1. தூசி தட்டுங்கள், கழுவாதீர்கள். காய்ந்த பிரஷ் போதும். மரத்துக்கு விளக்கெண்ணெய் தடவச் சொல்வார்கள், வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுத்துத் தூசியை இழுத்துக்கொள்ளும். ஏரின் கைப்பிடியான மேழியில் கை பட்டுப் பட்டு வழவழத்த இடத்தைத் தேய்த்து எடுத்துவிட்டால் அப்புறம் அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

2. எண் போடுவது. பெரும்பாலோர் சிக்கிக்கொள்வது இங்கேதான். 'ஏர்-1', 'படி-3' என்று வகை பிரித்து எண் போட்டால், மரக்காலைப் படியில் சேர்ப்பதா வேண்டாமா என்பதிலேயே பொழுது போய்விடும். 2025.2.4 என்று போடுங்கள்: பதிவுக்கு வந்த ஆண்டு (செய்த ஆண்டு அல்ல), அந்த ஆண்டில் எத்தனையாவதாக வந்த தொகுப்பு, அதில் எத்தனையாவது பொருள். சித்தப்பா வீட்டிலிருந்து வந்தவை எல்லாம் 2025.2 என்றால், யார் கொடுத்தது என்பது எண்ணிலேயே தெரிந்துவிடும்.

மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் கவலை மாதிரி உறுப்பு உறுப்பாகக் கழன்று வருவதற்கு? சால் (நீர் மொள்ளும் பாத்திரம்), தும்பி (சாலின் அடியில் உள்ள தோல் குழாய்), வடம், வால்கயிறு, உருளை எல்லாவற்றுக்கும் ஒரே எண், பின்னால் அ, ஆ, இ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். வடம் மக்கிப் போயிருந்தாலும் அதன் எண்ணை வேறு எதற்கும் கொடுக்கக் கூடாது.

எண்ணை நாடாவில் பென்சிலால் எழுதிக் கட்டுங்கள். மார்க்கரைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள்.

3. நோட்டில் எழுதுவது. வீட்டில் சொல்லும் பெயர், அளவு, யார் கையாண்டது, எங்கே உடைந்திருக்கிறது.

4. படங்கள். பின்பக்க ஓரத்தில் பென்சிலால் லேசாக எண் போடுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் தடமாகத் தெரியும். பின்பக்கம் வழவழப்பாக இருந்தால் பென்சில் பிடிக்காது, உறையில் எழுதுங்கள். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து டிஃப் (TIFF) கோப்பாக வையுங்கள். தாத்தா கவலை இறைக்கும் படம் கிடைத்தால் அதன் பதிவில் சாலின் எண்ணையும், சாலின் பதிவில் படத்தின் எண்ணையும் எழுதிவிடுங்கள். இந்த ஒரு வேலையை மட்டும் தள்ளிப்போடவே கூடாது.

(1951இல் தொடங்கிய இங்கிலாந்தின் ரெடிங் ஊரக வாழ்க்கை அருங்காட்சியகம், தன்னிடமிருந்த 1962ஆம் ஆண்டுக் கொழுத்த செம்மறிக் கடா படம் ஒன்றை 2018இல் ட்விட்டரில் போட்டு உலகமே பார்த்தது. எந்தப் படத்துக்கு எப்போது யோகம் அடிக்கும் என்று யார் கண்டது!)

பின்சேர்க்கை: நாடாவுக்குப் பதில் நெயில் பாலிஷ் தடவி அதன்மேல் எழுதலாமா என்று கேட்டிருந்தார்கள். வேண்டாம், மஞ்சளாகி உரிந்துவிடும். மரக்காலிலிருந்து மாவு கொட்டுகிறது என்று இன்னொருவர் சொல்லியிருந்தார், அது வண்டு. பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள், ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும், இல்லையென்றால் மரத்தில் நீர் கோத்துக்கொள்ளும்.