எண்ணாமல் செலுத்தாதீர்கள்: பி.ஆர்.பி. ஊசியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோயாளியின் இரத்தத்தைச் சுழற்றிப் பிரித்தெடுக்கும், தட்டணுக்கள் (இரத்தம் உறைய உதவும் சிறு அணுக்கள்) செறிந்த பிளாஸ்மாவை, அதாவது பி.ஆர்.பி.யை, மூட்டிலும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணிலும் செலுத்தப் பழகும் இளம் மருத்துவர்களோடு பணியாற்றி வருகிறேன். இந்தச் சிகிச்சை பரவத் தொடங்கிய காலத்தில் எங்கள் தலைமுறை செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைக் காண்பதால் இதை எழுதுகிறேன். கிருமிநீக்கம், நோயாளியின் ஒப்புதல், குழாயில் பெயர் எழுதுதல் ஆகியவற்றை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை என்பதால் அவற்றைத் தொடவில்லை.

எண்ணிக்கை அறியாமல் செலுத்துதல்

இன்றுவரை என்னைச் சினமூட்டும் தவறு இது. இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் கருவியிலிருந்து மஞ்சள் நிறத்தில் எது வந்தாலும் அதைப் பி.ஆர்.பி. என்று அழைத்து, அதில் எத்தனை தட்டணுக்கள் உள்ளன என்று பாராமலே ஊசியில் ஏற்றிவிடுகிறார்கள்.

முழங்கைத் தசைநாண் வலியால் நெடுநாள் துன்பப்பட்ட ஒருவருக்கு, இளம் மருத்துவர் ஒருவர் செலுத்திய ஊசி பலன் தரவில்லை. மறுமுறை தயாரித்தபோது, ஊசி போடுவதற்கு முன் சில துளிகளை இரத்த அணு எண்ணும் கருவிக்கு அனுப்பச் சொன்னேன். நோயாளியின் சாதாரண இரத்தத்தில் இருந்ததைவிடவும் குறைவான தட்டணுக்களே அத்திரவத்தில் இருந்தன. முதல் முறை அந்த நோயாளிக்குக் கிடைத்ததும் அநேகமாக அதுவேதான்; பணமும் வலியும் மாதங்களும் அவருடையவை.

காரணம் இரண்டு. முதலாவதாக, வேறோர் ஆய்வகத்தின் குறிப்பிலிருந்த சுழற்சி எண்ணை அப்படியே தம் கருவியில் வைத்திருந்தார். நிமிடத்துக்கு 1,500 சுற்று என்பது, சுழலும் ஆரம் 10 செ.மீ. ஆனால் புவியீர்ப்பைப் போல் ஏறக்குறைய 250 மடங்கு விசையையும், ஆரம் 15 செ.மீ. ஆனால் ஏறக்குறைய 377 மடங்கு விசையையும் தரும். இருமுறை சுழற்றும் இந்தத் தயாரிப்பின் முதல் சுழற்சியில் விசை மிகுந்தால் தட்டணுக்களும் சிவப்பணுக்களோடு அடியில் படிந்துவிடும். ஆகவே சுற்றுகளை நம்பாமல் விசையைக் கணக்கிட்டு வைக்க வேண்டும். இரண்டாவதாக, குழாயின் மேற்பகுதியிலிருந்த தெளிந்த பிளாஸ்மாவை உறிஞ்சியிருந்தார். தட்டணுக்கள் மிகக் குறைவாக இருக்கும் இடம் அதுதான். அவை செறிந்திருப்பது சிவப்பணுக்களுக்கு மேலே வெள்ளணுக்கள் படியும் மெல்லிய வெளிர் அடுக்கை ஒட்டி.

கணக்கு எளியது. நோயாளியின் இரத்தத்தில் மைக்ரோலிட்டருக்கு 2 லட்சம் தட்டணுக்கள் இருந்தால், 15 மில்லி லிட்டர் இரத்தத்தில் மொத்தம் 300 கோடி. அதில் 70 சதவீதத்தை மீட்டு 3 மில்லி லிட்டரில் அடக்கினால் மைக்ரோலிட்டருக்கு 7 லட்சம், அதாவது மூன்றரை மடங்கு. அதையே 6 மில்லி லிட்டராக நீர்க்கவிட்டால் மூன்றரை லட்சம்தான். ஆனால் 70 சதவீதம் மீண்டதா, 30 சதவீதம் மீண்டதா என்பதைக் கருவிதான் சொல்லும். நோயாளியின் அடிப்படை எண்ணிக்கை, தயாரிப்பின் எண்ணிக்கை, செலுத்திய அளவு ஆகிய மூன்றையும் ஒவ்வொரு முறையும் பதிவுசெய்யுங்கள். இரண்டாம் சுழற்சிக்குப் பின் தட்டணுக்கள் திரண்டு நிற்பதால், சில நிமிடங்கள் விட்டு மெதுவாகக் கலக்கிய பிறகே எண்ணுங்கள். திரண்டவற்றைக் கருவி குறைத்துக் காட்டும்.

இந்தத் தவறு ஒரு நோயாளியோடு நிற்பதில்லை. முழங்கால் தேய்மானமுள்ள 288 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2021இல் வெளியான ரெஸ்டோர் ஆய்வில், 12 மாதங்களுக்குப் பின் வலியிலும் குருத்தெலும்பின் கன அளவிலும் பி.ஆர்.பி.க்கும் ஒப்பீட்டுக்காகச் செலுத்திய உப்புநீருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதில் பயன்பட்ட தயாரிப்பின் செறிவு குறைவு என்று பலர் விமர்சித்தார்கள். விமர்சனத்தில் பொருள் இருக்கலாம். ஆனால் தம் ஊசியின் எண்ணிக்கையை ஒருநாளும் பார்க்காத மருத்துவர்கள் அதைச் சொல்லும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

எல்லா இடத்துக்கும் ஒரே தயாரிப்பு

வெள்ளணுக்கள் மிகுந்த தயாரிப்பு மூட்டுக்குள் சென்றால் ஊசிக்குப் பிந்தைய வலியும் வீக்கமும் கூடுதலாக வரலாம். முழங்காலுக்கு வெள்ளணு குறைந்ததையே பெரும்பாலோர் தேர்கிறார்கள். முழங்கைத் தசைநாண் பற்றி 230 நோயாளிகளிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வு வெள்ளணு மிகுந்த தயாரிப்பைக் கொண்டது. எதைச் செலுத்துகிறீர்கள் என்பதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

மரப்பு மருந்தைக் கலத்தல்

மரப்பு மருந்தையும் பி.ஆர்.பி.யையும் ஒரே சிரிஞ்சில் ஒருபோதும் கலக்காதீர்கள்.

வலிநிவாரணிகளை மறந்துவிடுதல்

ஆஸ்பிரின், தான் தொட்ட தட்டணுவை அதன் ஆயுள் முழுவதும், ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள், செயல் குன்றச் செய்கிறது. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவற்றின் விளைவு அவ்வளவு நீடிப்பதில்லை எனினும் ஊசிக்கு முன்னும் பின்னும் அவற்றையும் நிறுத்தச் சொல்வதே வழக்கம். ஊசிக்குப் பிந்தைய நாட்களில் வலி கூடுவது இயல்பு என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், நோயாளி அன்றிரவே வீட்டிலிருக்கும் மாத்திரையை விழுங்குவார். பாராசிட்டமால் எடுக்கத் தடையில்லாதவர்களுக்கு அதை நீங்களே எழுதிக் கொடுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவரிடம், அவருடைய இதய மருத்துவரைக் கேளாமல் நிறுத்தச் சொல்லாதீர்கள். ஒரு தசைநாணுக்காக மாரடைப்பு அபாயத்தை ஏற்க முடியாது.

கைத்தடவலை நம்பித் தசைநாணில் குத்துதல்

அல்ட்ராசவுண்ட் திரையில் ஊசிமுனை தெரிய வேண்டும்.

ஊசியோடு சிகிச்சை முடிந்தது என்று அனுப்பிவிடுதல்

நாட்பட்ட குதிகால் தசைநாண் வலியுள்ள 54 பேரிடம் நெதர்லாந்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவுக்குப் பி.ஆர்.பி.யும் மறு பிரிவுக்கு உப்புநீரும் செலுத்தி, இரு பிரிவினருக்கும் தசையை நீட்டியபடி சுமை தாங்கும் பயிற்சியைக் கொடுத்தார்கள். 24 வாரங்களில் இரு பிரிவினரும் முன்னேறினார்கள். பிரிவுகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எனவே பயிற்சியைப் பின்னிணைப்பாகக் கருதாமல், ஊசி போடும் நாளிலேயே இயன்முறை மருத்துவரோடு அமர்ந்து, முதல் சில நாட்கள் எவ்வளவு ஓய்வு, எப்போது இலகுவான அசைவு, எப்போது சுமை, ஓட்டத்துக்கு முன் எந்த அசைவுகள் வலியின்றி வரவேண்டும் என்பதை எழுதி நோயாளியின் கையில் கொடுங்கள். வலி குறைந்ததும் பழைய வேகத்தில் ஓடத் தொடங்குபவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு அந்தத் தாளை இருமுறை வாசித்துக் காட்டுங்கள்.