கனடா பி.ஆர். பெற்றவர்கள் ஊருக்கு வரும்போது செய்யும் தவறுகள்

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதித் தமிழ்க் குடும்பங்களிலிருந்து கனடாவுக்குப் போய் நிரந்தர வசிப்புரிமை (பி.ஆர்.) பெற்றவர்கள், பெற்றோரின் உடல்நிலைக்காக ஊருக்கு வந்து மாதக்கணக்கில் தங்கிவிட்டுத் திரும்பும் நேரத்தில் சிக்கிக்கொள்வதற்குப் பெரும்பாலும் ஒரே குழப்பம்தான் காரணம்: பி.ஆர். கார்டும் பி.ஆர். உரிமையும் ஒன்றே என்று நினைத்துவிடுகிறார்கள்.

கார்டின் தேதி முடிவதால் உரிமை போய்விடாது; தேதி பாக்கியிருப்பதால் உரிமை பத்திரமாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. அதிகாரி பார்ப்பது நாட்கணக்கை. கடந்த ஐந்தாண்டுகளில் மொத்தம் 730 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். அவை தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. கனடியக் குடியுரிமை உள்ள கணவருடனோ மனைவியுடனோ வெளிநாட்டில் சேர்ந்து வாழ்ந்த நாட்களும் இதில் சேரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்த் தலையைக் காட்டினால் போதும் என்ற பேச்சு அமெரிக்க கிரீன் கார்டுக்காரர்களிடமிருந்து வந்தது; அதை நம்பிக் கனடா உரிமையைப் பணயம் வைக்க வேண்டாம்.

தேதி முடிந்த கார்டோடு நெடும்பாசேரிக்கோ கோவைக்கோ விமானம் ஏறப் போனால் ஏற்ற மாட்டார்கள். புதிய கார்டுக்குக் கனடாவில் இருந்துகொண்டுதான் விண்ணப்பிக்க முடியும் என்பதால், இங்கிருப்பவர் கேட்க வேண்டியது, கார்டுக்குப் பதிலாகக் காட்டி விமானம் ஏற உதவும் பி.ஆர். பயண ஆவணம். அந்த விண்ணப்பத்திலேயே நாட்கணக்கையும் சரிபார்ப்பார்கள்; எனவே டிக்கெட் எடுத்த பிறகு, கடைசி வாரத்தில் தொடங்கும் வேலையல்ல இது. புதுப்பித்தபோது மூலை வெட்டித் திருப்பித் தந்த பழைய பாஸ்போர்ட்டைத் தேவையில்லை என்று தூக்கிப் போடுபவர்கள் உண்டு. போக்குவரத்தைக் காட்டும் முத்திரைகள் அதில்தான் இருக்கின்றன, அதைப் பத்திரப்படுத்துங்கள்.

நாட்கள் குறைந்திருந்தால், பெற்றோரின் நோய் போன்ற காரணங்களைக் கருணை அடிப்படையில் முன்வைக்கலாம். மருத்துவமனைக் காகிதங்களை அப்போதைக்கப்போதே சேர்த்து வைக்க வேண்டும். மலையாளச் சான்றிதழ்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதை வீட்டார் செய்தால் ஏற்க மாட்டார்கள்.

எல்லாவற்றிலும் வருந்தத்தக்கது, பி.ஆர். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு விசிட்டர் விசாவில் போகலாம் என்ற ஏஜென்டின் யோசனைக்கு அவசரப்பட்டுக் கையெழுத்திடுவது. எழுதிக் கொடுத்தால் மீண்டும் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டியதுதான். பயண ஆவணம் மறுக்கப்பட்டாலும் அன்றே உரிமை பறிபோவதில்லை. 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். முந்தைய 365 நாட்களில் ஒருமுறையாவது கனடாவில் இருந்தவர், அந்த மேல்முறையீட்டைச் செய்தபின், திரும்பிச் செல்லவும் பயண ஆவணம் பெற முடியும்.