பழைய அம்பாசடரில் இசுசூ 1800 இன்ஜின்: அளவெடுப்பதிலிருந்து ஆர்.சி. புத்தகம் வரை

மார்க் 2, மார்க் 3 அம்பாசடரில் இருக்கும் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் ஊருக்குள் ஓட்டத் தாராளமாகப் போதும். புதுச்சேரியிலிருந்து ஈ.சி.ஆரில் சென்னை வரை ஐந்து பேரோடு போக வேண்டும் என்றால்தான் அது திணறும். 1992-இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இதே காரில் 1817 சி.சி. இசுசூ பெட்ரோல் இன்ஜினையும் 5 கியர் பாக்ஸையும் வைத்து விற்றது. 75 குதிரைத்திறன், அலுமினிய ஹெட், செயினில் ஓடும் ஓவர்ஹெட் கேம். கம்பெனியே பொருத்திய இன்ஜின் என்பதால் பானெட்டுக்குள் இடம் இருக்கிறதா என்ற சந்தேகமே வேண்டாம். வேறு ஜப்பான் இன்ஜின்களும் நுழையும்தான். ஆனால் சம்ப்பை (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டியை) வெட்டி, ஸ்டீயரிங்கை நகர்த்தி என்று வேலை வளர்ந்துகொண்டே போகும். அந்த வழியை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

முதலில் காகிதம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியில் கை வைக்க முடியாது. இன்ஜின் மாற்றப் பதிவு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். டி.என்.31 வண்டி என்றால் கடலூர் ஆர்.டி.ஓ., பி.ஒய்.01 என்றால் புதுச்சேரிப் போக்குவரத்துத் துறை. எழுத்துப்பூர்வ அனுமதி கைக்கு வந்த பிறகு ஸ்பேனரை எடுங்கள். வேலை முடிந்து 14 நாளுக்குள் ஆர்.சி.யைக் கொடுத்துப் புது இன்ஜின் எண்ணைப் பதிய வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுங்கள். இன்ஜின் எண் போட்ட பில்லும், அது கழற்றப்பட்ட வண்டியின் காகிதமும் இல்லாத இன்ஜினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். 50 ஆண்டு தாண்டிய வண்டியை 2021 விதிகளின்படி விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் இன்ஜின் மாறிய வண்டிக்கு அந்தத் தகுதி கிடைக்காது. அசல் இன்ஜினோடு ஒழுங்காக ஓடும் 1960-களின் வண்டி உங்களிடம் இருந்தால் அதை அப்படியே வைத்திருங்கள். இந்த வேலை, இன்ஜின் ஏற்கெனவே போய்விட்ட வண்டிக்கும் பின்னாளைய மார்க் 3, மார்க் 4 வண்டிக்கும்தான் சரி.

இன்ஜின் தேடச் சென்னை புதுப்பேட்டையோ உள்ளூர்க் காயலான் கடையோ, எங்கே போனாலும் இன்ஜினை மட்டும் வாங்கி வராதீர்கள். பெல் ஹவுசிங்கோடு (கிளட்ச்சை மூடும் கூடு) கியர் பாக்ஸ், இரண்டு பக்க மவுண்ட் பிராக்கெட், கியர் பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், ப்ரொபெல்லர் ஷாஃப்ட் (கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் தண்டு), ரேடியேட்டரும் ஃபேன் கூண்டும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் முன் குழாயும், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், கிளட்ச் இணைப்புகள், ஆக்சிலேட்டர் கேபிள் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். ஒரு பிராக்கெட் விடுபட்டாலும் அதை லேத் பட்டறையில் புதிதாக அடிக்க நேரும். அதற்குள் இன்ஜின் செயினில் ஒரு வாரம் தொங்கும்.

வாங்கும் இடத்திலேயே கம்ப்ரஷன் பாருங்கள். நாலு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். நாலு அளவும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம்; ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். ஹெட்டில் தண்ணீர் போகும் வாய்களையும் உற்றுப் பாருங்கள். வெள்ளைப் பொடி பூத்து ஓரம் அரித்திருந்தால் அந்த ஹெட் பலகாலம் வெறும் போர் தண்ணீரில் ஓடியது என்று பொருள்.

அடுத்தது உங்கள் வண்டியின் உடம்பு. அம்பாசடருக்குத் தனிச் சேஸி கிடையாது, உடம்பே சட்டம். கடல் காற்றில் முப்பது நாற்பது வருடம் நின்ற வண்டியில் வாசல் பட்டைகளும், டார்ஷன் பார் (முன்பக்கத்துக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) பின்முனை மாட்டியிருக்கும் குறுக்குச் சட்டமும், லீஃப் ஸ்பிரிங் மாட்டுமிடமும் உள்ளிருந்தே துரு தின்றிருக்கும். சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் சரி. மொத்தென்று கேட்டால் டிங்கரிங் வேலையை முடித்துவிட்டுத்தான் இன்ஜின்.

கழற்றுவது ஒரு நாள் வேலை. அதற்கு முன் நாலு சக்கரத்திலும் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை உள்ள உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் டார்ஷன் பாரைத் திருத்தி இதே உயரத்துக்கு வண்டியைக் கொண்டுவர வேண்டும். பேட்டரியையும் பெட்ரோல் டேங்கையும் இறக்கிவிட்டு, 1 டன் செயின் பிளாக்கில் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் சேர்த்தே தூக்குங்கள். பி.எம்.சி. இன்ஜின் போல்ட்டுகள் அங்குல மரை, இசுசூவுடையவை மில்லிமீட்டர் மரை. இரண்டையும் வேறு வேறு டப்பாவில் போடுங்கள். கைக்கு முதல் இரண்டு சுற்று ஏறுகிறதே என்று மாற்றி முறுக்கினால் அலுமினியத்தில் மரை போய்விடும்.

இனி வருவதுதான் முக்கியமான கட்டம். பெயின்ட் அடிப்பது, ஒயர் இழுப்பது எல்லாவற்றுக்கும் முன்னால் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் பூட்டி வெறுமனே இறக்கிப் பாருங்கள். சம்ப்புக்கும் கீழேயுள்ள குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே 20 மி.மீ. கனமுள்ள பலகையை வைத்து அதன்மேல் உட்கார வையுங்கள். கிராங்க் புல்லி நடுவிலிருந்து கியர் பாக்ஸ் வால் வழியாகப் பின் ஆக்சில் பினியன் (ஷாஃப்ட் வந்து சேரும் பல்சக்கரம்) வரை நூல் பிடித்து, தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். கியர் பாக்ஸ் பின்பக்கம் சுமார் 3 டிகிரி தாழ்ந்திருக்கட்டும். ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் 25 மி.மீ., ஸ்டீயரிங் தண்டுக்கும் பக்கத்திலுள்ள எந்தப் பொருளுக்கும் 25 மி.மீ., எக்ஸாஸ்டுக்கும் பிரேக், பெட்ரோல் குழாய்களுக்கும் குறைந்தது 75 மி.மீ. இடைவெளி வேண்டும். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது இன்ஜின் ஒரு பக்கமாகச் சாயும். நிற்கும்போது உரசாதது அப்போது உரசும். அதனால்தான் இவ்வளவு இடம் கேட்கிறோம்.

பிராக்கெட்டுகளை நாலு நாலு பொட்டு வெல்டு மட்டும் வைத்து, பலகையை எடுத்துவிட்டு, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, எல்லா அளவையும் மறுபடி எடுங்கள். ரப்பர் மவுண்ட் எடையில் அமுங்கி 3, 4 மி.மீ. இறங்கியிருக்கும். அதையும் கணக்கில் சேர்த்த பிறகே முழு வெல்டு. ஆல்டர்னேட்டர் இணைப்பில் இருக்கும்போது வெல்டிங் வைக்கக் கூடாது, டயோடு எரிந்துவிடும்.

ப்ரொபெல்லர் ஷாஃப்ட் நீளத்தை வண்டி தரையில் நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். ஆக்சில் தொங்கும்போது எடுத்த அளவு பொய் சொல்லும். ஸ்லிப் (கியர் பாக்ஸ் வாலுக்குள் முன்னும் பின்னும் நகரும் ஷாஃப்ட் முனை) முழுக்க உள்ளே போன நிலையிலிருந்து 20 முதல் 25 மி.மீ. வெளியே நிற்கட்டும். அந்த இடம் இல்லாவிட்டால் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஷாஃப்ட் கியர் பாக்ஸ் வாலில் இடித்து ஆயில் சீலையும் பேரிங்கையும் தின்னும். ஷாஃப்டை வெட்டும் முன் நீளவாக்கில் ஒரு கோடு கிழித்துவிடுங்கள், இரு முனையிலுள்ள கவை வடிவ யோக்குகளும் ஒரே வரிசையில் வர அதுதான் துணை. கியர் பாக்ஸ் முகமும் பினியன் முகமும் 1 டிகிரிக்குள் இணையாக இருக்க வேண்டும். பிறகு பேலன்ஸ் செய்யாமல் மாட்டாதீர்கள்.

பின் ஆக்சிலின் விகிதத்தை அறிய, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, மற்றது தரையில் இருக்க, தூக்கியதைச் சரியாக 2 சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். விகிதம் 4.55, டயர் சுற்றளவு 2.04 மீட்டர் என்றால் நாலாவது கியரில் 3000 ஆர்.பி.எம்.முக்கு வேகம் சுமார் 80 கி.மீ. ஐந்தாவது கியரின் பயன் இந்த இடத்தில்தான் தெரியும். ஸ்பீடோமீட்டரை மொபைல் ஜி.பி.எஸ்.ஸோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டீயரிங் கம்பத்திலுள்ள கை கியர் இணைப்பெல்லாம் போய்விடும். தரை கியருக்கு டனலில் (கியர் பாக்ஸ் மேலுள்ள தரை மேட்டில்) முதலில் சிறு துளை போட்டு, ரிவர்ஸ் உட்பட எல்லாக் கியரும் விழுகிறதா பார்த்துப் பார்த்துப் பெரிதாக்குங்கள்.

கூலிங் விஷயத்தில் நம் கடலோர ஊர்களுக்கு என்று ஒரு எச்சரிக்கை: உப்பேறிய போர் தண்ணீரை ரேடியேட்டருக்குக் காட்டவே கூடாது. இரும்பு பி.எம்.சி. பொறுத்துக்கொண்டது, அலுமினிய ஹெட் பொறுக்காது. பேட்டரித் தண்ணீரும் (ஆசிட் அல்ல, டிஸ்டில்டு வாட்டர்) கூலண்ட்டும் பாதிக்குப் பாதி. பழைய மூடியை மாட்ட வேண்டாம்; 13 பி.எஸ்.ஐ. மூடி கொதிநிலையைச் சுமார் 20 டிகிரி உயர்த்தும். சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இங்கே பரவலான வழக்கம். இன்ஜின் குளிர்ந்தே ஓடி ஆயில் கெட்டுப்போவதுதான் அதில் மிச்சம்.

டைனமோ காலத்து வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ் பக்கம் எர்த் ஆகியிருக்கலாம். ஆல்டர்னேட்டருக்கு நெகட்டிவ் எர்த். மாற்றாமல் இணைத்தால் அந்த நொடியே புகைதான். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு 10 சதுர மி.மீ. ஒயர் போதும். டாஷ்போர்டு அம்மீட்டர் அந்தக் கரண்டைத் தாங்காது, வோல்ட் மீட்டர் வையுங்கள். ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் காட்ட வேண்டும். இன்ஜினிலிருந்து உடம்புக்குத் தடிமனான எர்த் பட்டை கட்டாயம். அதை மறந்தால் ஸ்டார்ட்டர் கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாக ஓடி அதைப் பழுக்க வைக்கும். பெட்ரோல் ரப்பர் குழாய் எல்லாவற்றையும் இ-20 பெட்ரோல் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள்.

பிரேக் வேலையைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். பின்னாளைய அம்பாசடரின் முன் டிஸ்க்கும் சர்வோவும் (பிரேக் மிதிக்கும் விசையைக் கூட்டும் கருவி) இந்த இன்ஜினோடு சேர்ந்தே வரட்டும். குறைந்தபட்சம் டிரம், லைனிங், சிலிண்டர், ஹோஸ் நான்கும் புதிதாக இல்லாமல் வண்டி பட்டறை வாசலைத் தாண்டக் கூடாது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக் இல்லாமல் ஆயில் பிரஷர் ஏறும்வரை சுற்றுங்கள். ஓவர்ஹால் செய்த இன்ஜின் என்றால் 500 கி.மீ.யில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, எல்லா மவுண்ட் போல்ட்டையும் மறுபடி முறுக்க வேண்டும். சூட்டைச் சோதிக்க மதிய வெயிலில் இந்திரா காந்தி சதுக்கத்து நெரிசலில் ஊர்ந்து பாருங்கள். பிறகு கடலூர் சாலையில் வேகம் எடுங்கள். 60, 70-இல் அதிர்வு வந்தால் அதே வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். அதிர்வு தொடர்ந்தால் ஷாஃப்டையும் கோணத்தையும் பாருங்கள். நின்றுவிட்டால் மவுண்ட் ரப்பரைப் பாருங்கள்.